ஷூ நாற்றம்: ஒரு மெடிக்கல் ரெப்பின் வாக்குமூலம்

தென்காசியில் ஒரு கிளினிக். காலை பதினொரு மணி. 'காலணிகளை வெளியே விடவும்' என்று வாசலில் எழுதியிருந்ததால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சாக்ஸோடு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ரிசப்ஷனில் இருந்த பெண் எழுந்து போய் ஊதுபத்தி ஒன்றைப் பற்ற வைத்தார். காலையில் சாமிக்கு ஏற்றிய பத்தியின் சாம்பல் படத்துக்கு முன்னால் அப்படியே கிடந்தது. இந்தப் பத்தியை அவர் சாமிக்குக் காட்டவில்லை. நேராக வந்து, நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போனார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் மெடிக்கல் ரெப். திருநெல்வேலி, தென்காசி, சங்கரன்கோவில், அம்பாசமுத்திரம் என்று பைக்கில் சுற்றுகிற வேலை. டாக்டர்களைக் காலையிலும் பார்க்க வேண்டும், சாயங்கால ஓ.பி.யிலும் பார்க்க வேண்டும். காலை ஏழரைக்கு மாட்டிய ஷூ ராத்திரி ஒன்பதரைக்குத்தான் ஒரேயடியாகக் காலைவிட்டு இறங்கும். நடுவில் பைக் எஞ்சினின் சூடு வேறு வலது காலில் அடிக்கும். ஷூ போட்டே ஆக வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அதை வாசலில் கழற்றியே ஆக வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். காலையில் போட்ட ஷூவை அவர்கள் பாட்டுக்கு ராத்திரிதான் கழற்றுவார்கள். நான் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கழற்றி மாட்டுகிறேன், ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் முன்னால்.

பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணமும்தான் என்று பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். என் ஷூவை முகர்ந்திருந்தால் அவரே பாடத்தை மாற்றியிருப்பார்.

ஊதுபத்தி சம்பவத்துக்குப் பிறகு ஏழெட்டு மாதம் நான் செய்த கோமாளித்தனங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எது வேலை செய்தது என்பதைவிட எது செய்யவில்லை என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சென்ட். பாடி ஸ்ப்ரேயைத் தினமும் காலையில் ஷூவுக்குள் நாலு அழுத்து அழுத்திவிட்டுக் கிளம்புவேன். மதியம் வரைக்கும் தாங்கும். அதற்கப்புறம் அந்த வாசனையும் பழைய வாடையும் கலந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும் பாருங்கள், மீன் மார்க்கெட்டுக்குள் மல்லிகைப்பூக் கூடையைக் கவிழ்த்த மாதிரி. அடுத்தது முகத்துக்குப் போடுகிற டால்கம் பவுடர். அது வியர்வையில் குழைந்து விரல் இடுக்கெல்லாம் பசையாக அப்பிக்கொண்டதுதான் மிச்சம். அந்துருண்டையும் போட்டுப் பார்த்தேன். அம்மா ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டாள். வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும்போது மிட்டாய் மாதிரி வெள்ளையாக உருண்டு கிடக்கிற விஷத்தை யாராவது தரையில் வைப்பார்களா என்று கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

பிறகு வெயில். நம்மூரில் எதையும் வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்திலேயே ஷூவைக் காயவைத்தேன். வெறுங்காலை வைக்க முடியாத சூடு. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் வாடை பாதியாகக் குறைந்திருந்தது. ஆகா என்று திங்கட்கிழமை போட்டுக்கொண்டு போனேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறும்போது வலது ஷூவின் சோல் முன்பக்கம் வாயைப் பிளந்தது. மிச்ச நாள் முழுக்க 'சளப் சளப்' என்று ஒரு காலை இழுத்து நடந்தேன். மேல் தோலையும் சோலையும் பிடித்து வைத்திருப்பது வெறும் பசை, அந்தச் சூட்டில் அது இளகிவிடும். தோல் விறைத்து வெடிப்பதும் உண்டு. இவ்வளவுக்கும் ஷூவின் மூக்குப் பகுதிக்குள், அதாவது வாடை குடியிருக்கும் இடத்துக்குள், வெயில் எட்டிப் பார்ப்பதே இல்லை.

அந்த வெயிலுக்கு முன்பே ஆப்ப சோடாவும் போட்டுப் பார்த்திருந்தேன். இது நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். குறை என் கையில்தான். ராத்திரி இரண்டு ஸ்பூன் சோடாவை நேராக ஷூவுக்குள் தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் அவசரத்தில் சரியாகத் தட்டாமல் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்தா ஒரு டாக்டர், வீட்டோடு சேர்ந்த கிளினிக்கில், உள்ளே கூப்பிட வேண்டும்? கறுப்பு கிரானைட் தரை. வாசலிலிருந்து அவர் மேசை வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பாதம். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் பாதம் வைப்பார்களே, அதேதான். திரும்பிப் பார்த்தபோது டாக்டரின் அம்மா ஹாலில் நின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாயமாக ஒரு மெடிக்கல் ரெப் செய்திருக்கவே கூடாத தப்பு இனிமேல்தான் வருகிறது. என் பையிலேயே பூஞ்சைத் தொற்றுக்கான க்ளோட்ரிமசோல் பவுடர் இருந்தது. கால் வாடை என்றாலே பூஞ்சைதான் என்று நானாகவே முடிவுகட்டி, ஷூவை வெயிலில் வைப்பதற்கு முன்பே இரண்டு மாதம் அதைப் போட்டிருந்தேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. ஊருக்கெல்லாம் மருந்தின் பெருமை பேசுகிறவனுக்குத் தன் காலில் என்ன வியாதி என்று தெரியவில்லை.

திருப்பம் ஒரு செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் வந்தது. பாளையங்கோட்டையில் மார்க்கெட் பக்கம் உட்கார்ந்திருப்பார். பிளந்த சோலை ஒட்டத்தான் போனேன். கையில் வாங்கியவர் முகத்தைச் சுளிக்கவில்லை. தொழில்காரர். "சார், இத ஒட்டிரலாம். இதுக்குள்ள இருக்கத மொதல்ல பாப்போம்" என்று கத்தி முனையை உள்ளே விட்டு, காலடியில் ஒட்டியிருந்த இன்சோலின் ஓரத்தை நெம்பினார். டர்ரென்று பிரிந்து வந்தது. மேல்பக்கம் என் பாதத்தின் அச்சு, ஐந்து விரலும் குதிகாலும் மை தடவினாற்போலக் கறுப்பாக மினுங்கியது. திருப்பினார். அடிப்பக்கம் சாம்பல் பச்சையாகத் திட்டுத்திட்டாகப் பூசணம். நடுவில் இருந்த ஸ்பாஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஈரம் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்னி நட்சத்திர வெயிலில் காய்ந்த ஷூ அது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரே ஒரு நாள்தான் போட்டிருந்தேன்.

"இன்னொரு ஜோடி வச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்ப இது எப்பதான் காயும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கழற்றுகிறேன், காலை ஏழரைக்கு மாட்டுகிறேன். நடுவில் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் அது கதவு போட்ட ஷூ அலமாரிக்குள், காற்றே புகாமல் கிடக்கிறது. முந்தைய நாள் வியர்வை காய்வதற்குள் அடுத்த நாள் வியர்வை சேருகிறது. இப்படியே ஒன்றரை வருடம். சென்ட் அடித்தேன், சோடா போட்டேன், பவுடர் கொட்டினேன். ஷூவைக் காயவிட வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அண்ணாச்சி புது இன்சோல் ஒரு ஜோடி, பசை போடாமல், அளவாக வெட்டிச் சும்மா உள்ளே வைத்துக் கொடுத்தார். "ஒட்ட மாட்டேன் சார். ராத்திரி உருவி வெளிய வைங்க, காலையில போடுங்க." சோல் ஒட்டியதையும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய் வாங்கினார். இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செலவழித்த முதல் பணம் அதுதான்.

ஷூ பக்கம் தெளிவானதும் கால் பக்கம் பார்க்கலாம் என்று, நான் வழக்கமாகப் பார்க்கும் தோல் மருத்துவர் ஒருவரிடம் ஓ.பி. முடிந்தபிறகு வெட்கத்தை விட்டுக் கேட்டேன். சாக்ஸைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே மெத்தென்று இருக்கும் இடத்திலும் குதிகாலிலும், குண்டூசியால் குத்தினாற்போலச் சின்னச்சின்னக் குழிகள். தினமும் குளிக்கிறேன், ஒருநாள்கூட உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்ததில்லை. "இது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. பிட்டட் கெரட்டோலைசிஸ். நீங்க உங்க பவுடரையே போட்டிருப்பீங்களே?" என்று சிரித்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வியர்வைக்கு என்று பெரிதாக வாடை கிடையாது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் உடம்பிலேயே மிக நெருக்கமாக இருக்கின்றன. கை காற்றில் காய்ந்துவிடும், கால் ஷூவுக்குள் ஊறும். ஊறிய தோலிலும் வியர்வையிலும் பாக்டீரியா பெருகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று நம் எல்லார் தோலிலும் சாதுவாக வாழும் ஒன்று, வியர்வையில் உள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலேரிக் அமிலமாக்கும். அந்தப் புளித்த நெடி அதுதான். குழி விழ வைப்பது கைட்டோகாக்கஸ் செடென்டேரியஸ் மாதிரியான வேறு கூட்டம். அது கந்தக வாடையையும் கூடவே கொண்டுவரும். காலில் இருக்கும் பிரெவிபாக்டீரியத்தின் சொந்தக்காரர்களை வைத்துத்தான் லிம்பர்கர் என்ற ஐரோப்பியச் சீஸையே தயாரிக்கிறார்களாம். ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் கொசு ஒன்றுக்கு மனிதக் காலின் வாடையும் அந்தச் சீஸின் வாடையும் ஒரேபோலப் பிடிக்கிறது என்று காட்டியவர்களுக்கு 2006இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்கவைத்துவிட்டு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கு வருடாவருடம் கொடுக்கிற பரிசு அது.

2025இல் அதே இக் நோபல் நம் நாட்டுக்காரர்கள் இருவருக்கு, விகாஷ் குமாருக்கும் சார்த்தக் மித்தலுக்கும், கிடைத்தது. நாறும் ஷூக்களால் ஷூ அலமாரி படும் பாட்டை ஆராய்ந்து, உள்ளே புற ஊதா விளக்கு வைத்த அலமாரி ஒன்றை வடிவமைத்தார்கள். அவர்கள் குறிவைத்ததும் என் காலில் குழி தோண்டிய அதே கைட்டோகாக்கஸைத்தான். செய்தியைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். "அதுக்கு முன்னாடி நம்ம அலமாரிக் கதவக் கழட்டுங்க" என்றாள். கழற்றிவிட்டேன். அந்த விளக்கை நாமாக வாங்கி வீட்டில் மாட்டுவது சரிப்படாது. அந்தக் கதிர் கண்ணையும் தோலையும் கெடுக்கும்.

டாக்டர் எனக்குக் கொடுத்தது காலில் தடவ ஒரு ஆன்டிபயாடிக் ஜெல். ராத்திரியில் காலை நன்றாகத் துடைத்துக் காயவைத்தபிறகு போட, வியர்வையைக் குறைக்கும் அலுமினியம் குளோரைடு லோஷன் ஒன்று. மூன்று வாரத்தில் குழிகள் மறைந்தன. இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போய்விடாதீர்கள். என் இரண்டு மாதம் எப்படி வீணானது என்று இப்போதுதான் சொன்னேன். விரலிடுக்கில் வெந்து உரிந்து அரிக்கிறதா, அது சேற்றுப்புண்ணாக இருக்கும், அதற்கு வேறு மருந்து. குழி விழுந்திருக்கிறதா, அது வேறு கதை. ஒரு தடவை காட்டிவிட்டால் தெரிந்துவிடும்.

இப்போது நான் செய்வது இதுதான். இரண்டு ஜோடி ஷூ, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒன்று ஓடும்போது மற்றது காய்கிறது. இரண்டாவது ஜோடி வாங்கக் காசு பார்த்துக்கொண்டிருந்தவன்தான் நானும். ஒரே ஷூவை இரண்டு வருடம் போட்டுக் கொல்வதும், இரண்டு ஷூவை நாலு வருடம் போடுவதும் ஒரே செலவுதான் என்று கணக்குப் போட்டபிறகு வாங்கினேன். பெங்களூர் மீட்டிங் போய்த் திரும்பும்போது சுற்றிக்கொண்டு போய் ஆம்பூரில் இறங்கினேன். பிரியாணிக்காக இறங்கினேன் என்பதுதான் உண்மை, ஷூ அப்புறம் ஞாபகம் வந்தது. அங்கே கடைக்காரர் சொன்ன ஒரு விஷயம் உபயோகமானது: மேலே தோலா என்று மட்டும் பார்க்காதீர்கள், உள்பக்க லைனிங் தோலா என்றும் விரலை விட்டுப் பாருங்கள். மேலே தோலும் உள்ளே ரெக்சினும் வைத்துத் தைத்தால், பிளாஸ்டிக் பைக்குள் காலை விட்டுக் கட்டிய மாதிரிதான். தோல் லைனிங் வியர்வையைக் கொஞ்சம் குடித்துக்கொள்ளும், ராத்திரி வெளியே விட்டுவிடும்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் லேஸை முழுக்கத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, இன்சோலை உருவி ஜன்னலில் சாய்த்து வைப்பேன். ஷூவைக் கதவில்லாத ஸ்டாண்டில், வாய் வெளியே பார்க்க. நனைந்து வந்த நாளில் பழைய தினத்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு வேறு தாளைத் திணிப்பேன். முதல் தாளை அப்படியே விடியும்வரை விட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை, குடித்த ஈரம் அதற்குள்ளேயே நிற்கும். அப்புறம் டேபிள் ஃபேன். வெயில் வேண்டாம், காற்றுப் போதும்.

வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஷூவின் உள்பக்கத்தையும் இன்சோலையும் துடைப்பேன். பஞ்சு முதல் தடவை எந்த நிறத்தில் வெளியே வந்தது என்று சொன்னால் சாப்பாடு இறங்காது. மேல் தோலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மெருகு போய்விடும். அடுப்புப் பக்கம் இந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆப்ப சோடாவையும் விட்டுவிடவில்லை. பழைய சாக்ஸில் இரண்டு ஸ்பூன் போட்டு முடிந்து, முடிச்சோடு ஷூவுக்குள் வைத்துவிடுகிறேன். வாடை அமிலம், சோடா காரம், தொட்ட வரைக்கும் முறித்துவிடும். தரையில் பாதமும் விழாது. மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போட்டுப் பார்த்தேன், ஷூவில் ஊறியிருக்கும் ஈரத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சாக்ஸ் விஷயத்தில் நான் மோசமான கஞ்சன். பிளாட்பாரத்தில் மூன்று ஜோடி நூறு ரூபாய் நைலான்தான் வாங்குவேன். இப்போது பருத்தி கலந்தது, அதுவும் மதியம் சாப்பிட்டதும் ஒருமுறை மாற்றுகிறேன். பருத்தி வியர்வையைக் குடிக்கும், ஆனால் குடித்ததை வைத்துக்கொண்டு சட்டென்று காயாது. அதனால்தான் மாற்றுவது. பைக் பையில் ஒரு ஜோடி எப்போதும் இருக்கும். மாற்றும்போது பைப்படியில் காலைக் கழுவி, விரலிடுக்கைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு இரண்டு நிமிடம் ஆறவிடுவேன். துவைக்கும்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைக்க வேண்டும். வெயில் சாக்ஸுக்குத் தாராளமாக ஆகும்.

குற்றால சீசன் வந்தால் இந்தப் பாடமெல்லாம் கொஞ்சம் ஆட்டம் காணும். ஜூன் ஜூலையில் தென்காசிப் பக்கம் சாரல் விடாமல் தூவிக்கொண்டே இருக்கும். காற்றே ஈரம், எதுவும் காயாது. சாக்ஸுக்கு மேல் பாலித்தீன் கவரைச் சுற்றி ஷூவுக்குள் விடும் வித்தையை நண்பர் ஒருவர் சொன்னார். மழை உள்ளே வரவில்லை, வியர்வை வெளியே போகவில்லை. இப்போது அந்த இரண்டு மாதமும் வண்டியில் ரப்பர் செருப்புதான். ஷூவும் சாக்ஸும் கவரில் சுற்றிப் பையில். கிளினிக்குக்கு இரண்டு கடை தள்ளி நிறுத்தி, காலைத் துடைத்து மாட்டிக்கொண்டு போகிறேன்.

சலூன்காரர் சொன்ன படிகாரமும் எனக்கு ஓரளவு கேட்டது. சின்னக் கட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் காலை வைத்தால் அன்றைக்கு வியர்வை குறைவாக இருக்கும். அதைப் பார்த்து அப்பாவும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இருபது வருடச் சர்க்கரை. நல்ல வேளை, டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்: சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கும், சூடு தெரியாமலே வெந்துபோகும், ஊறவைக்கிற சோலியே வேண்டாம். அப்பாவுக்கு வெறும் சோப்புத் தண்ணீர், நன்றாகத் துடைத்தல், தினமும் உள்ளங்காலைப் பார்த்தல். பார்ப்பது என் மகன் வேலை.

ஃபிரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் வாடை போய்விடும் என்று பெங்களூர்க்கார நண்பர் ஒருவர் சொன்னதையும் குறித்துவிடுகிறேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. "ஏய்யா, மாவு வைக்கிற பொட்டியிலயா ஷூவ வைக்கப் போற?" என்றாள். அத்தோடு முடிந்தது அந்த ஆராய்ச்சி. குளிரில் பாக்டீரியா பெரும்பாலும் சாகாது, தூங்கும், ஷூவுக்குள் காலை விட்டதும் எழுந்துகொள்ளும் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

போன மாதம் மகனின் ஸ்கூல் ஷூ வாசலிலேயே ஆளை அடித்தது. ஏழாம் வகுப்பு, மதியம் ஃபுட்பால், அதே கறுப்பு ஷூவோடு. இரண்டாவது ஜோடி வாங்கலாம் என்றேன், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும், எதற்குத் தண்டச் செலவு என்று மனைவி. சரி, முதலில் இன்சோலையாவது மாற்றுவோம் என்று அவனையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். கத்தியை உள்ளே விட்டு நெம்பினார். டர்ரென்று வந்தது. அதே கறுப்பு, அதே ஐந்து விரல், அளவு மட்டும் சின்னது. மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வாரிசுதான் சார், சந்தேகமே இல்ல" என்றார்.